உத்திரமேரூர் நோய் வாரியம், 2020

தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி எங்கள் மாவட்டத்துக்காரர். ஓமனிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர் ஒருவருக்குத் தொற்று என்று 2020 மார்ச் 7 அன்று சுகாதாரத்துறை அமைச்சர் விஜயபாஸ்கர் அறிவித்தார். பட்டுக்கும் இட்லிக்கும் அத்தி வரதருக்கும் பேர் போன ஊருக்கு இன்னொரு புகழ் சேர்ந்தது. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் முப்பது கிலோமீட்டர் இருக்கும். முகூர்த்தப் புடவை எடுக்க, தாலுகா ஆபீசில் தீராத மனுவைக் கலெக்டரிடம் நீட்ட, பல் பிடுங்க, படம் பார்க்க என்று எதற்கும் நாங்கள் போய் வருகிற ஊர் அது. ஆகவே மாநிலத்திலேயே முதலில் பயந்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

பயப்படத்தான் செய்தோம், பிராய்லர் கோழிக்கு. கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்று வாட்ஸப் சொன்னது. கறிக்கடைக்காரர் ஈ ஓட்டினார். நாமக்கல் பண்ணைக்காரர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். மற்றபடி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஆராய்ச்சி முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டது. "கூழு குடிச்சி வளந்த ஒடம்புபா இது, நமக்கு இன்னா ஆவப்போவுது?" என்றார் ஒருவர். "சித்திர வெயிலு அடிச்சா அது தானா செத்துப்பூடும்" என்றார் இன்னொருவர். ஓமன் எங்கே, உத்திரமேரூர் எங்கே என்று எல்லாரும் இன்னொரு டீ சொன்னோம்.

இந்த டீக்கடை விஞ்ஞானத்துக்குக் கோட்டையிலும் ஒரு கிளை இருந்தது. காஞ்சிபுரத்துக்காரருக்குச் சில நாளில் தொற்று நீங்கியது. நல்ல சேதிதான். உடனே தமிழ்நாட்டில் கொரோனாவே இல்லை என்று மார்தட்டினார்கள். மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இது உலகப் பெருந்தொற்று என்றது. மார்ச் 13 அன்று டெல்லியில் மத்திய சுகாதாரத்துறை அதிகாரி, இது சுகாதார நெருக்கடி இல்லை, யாரும் பதற வேண்டாம் என்றார். சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் துரைமுருகன் தன் பயத்தைச் சொன்னபோது, எழுபது வயதைத் தாண்டியவர்கள்தான் அஞ்ச வேண்டும் என்கிற தொனியில் முதல்வர் எடப்பாடி பழனிசாமி பதில் சொன்னார். அவையில் சிரிப்பு. அன்று சிரித்த அவையின் உறுப்பினர்களில் ஒருவரான ஜெ. அன்பழகன் ஜூன் 10 அன்று அதே நோயில் இறந்தார். அவருக்கு வயது 62. எழுபது என்கிற எல்லைக்கோடு கிருமிக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை போலிருக்கிறது.

இந்த நிம்மதிக்குப் பின்னால் ஓர் அருமையான கணக்கு இருந்தது. வெளிநாடு போய் வந்தவர்களையும் அவர்களோடு பழகியவர்களையும் மட்டும் சோதித்தார்கள். அதனால் அவர்களிடம் மட்டும் கிருமி கிடைத்தது. அதை வைத்தே, கிருமி வெளிநாடு போய் வந்தவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். எங்கள் ஏரியின் ஒரு மூலையில் மட்டும் வலை வீசிவிட்டு மீதி ஏரியில் மீனே கிடையாது என்று சொன்னால் ஊர் வாயால் சிரிக்காது. ஆனால் அறிக்கையாக அச்சடித்துக் கொடுத்தால் நம்புவார்கள். மாநிலத்தின் இரண்டாவது நோயாளி மார்ச் 18 அன்று அகப்பட்டார். அவர் விமானத்தில் வரவில்லை. டெல்லியிலிருந்து ரயிலில் வந்தவர். அப்போதும் யாருக்கும் தூக்கம் கெடவில்லை. டெல்லியில் வேறு அவசரங்கள் இருந்தன. மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஆட்சியைக் கவிழ்க்க வேண்டியிருந்தது. மார்ச் 20 அன்று கவிழ்ந்தது. 23 இரவு புதிய முதல்வர் பதவியேற்றார். 24 இரவு எட்டு மணிக்கு நாட்டை மூடுவதாகப் பிரதமர் தொலைக்காட்சியில் சொன்னார். நோயின் தீவிரம் அந்த 24 மணி நேரத்தில் திடீரென்று எப்படி முற்றியது என்பதை எந்த நுண்ணுயிர் வல்லுநரும் இன்றுவரை விளக்கவில்லை.

இடையில் மார்ச் 22 அன்று தட்டு தட்டினோம். மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றியாம். மாலை ஐந்து மணிக்கு எவர்சில்வர் தட்டும் பித்தளைத் தாம்பாளமும் முழங்க ஊரே ஒலித்தது. ஏப்ரல் 5 இரவு விளக்கை அணைத்து அகல் ஏற்றினோம். தீபாவளிக்கு மிச்சமிருந்த பட்டாசையும் சிலர் வெடித்தார்கள். இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 19 அன்று, நோயாளிகளிடமிருந்து தொற்றி இறந்துபோன நரம்பியல் அறுவைச் சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க விடாமல் சென்னையில் ஒரு கூட்டம் கல்லாலும் கட்டையாலும் அடித்தது. ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது. நள்ளிரவில் ஒரு சக மருத்துவர் மண்வெட்டியும் கையுமாகக் குழியை மூட வேண்டியிருந்தது. தட்டு தட்டிய கையும் கல் எறிந்த கையும் ஒரே மாநிலத்துக் கைகள்தான்.

சரி, எங்கள் ஊரில் இதையெல்லாம் பார்த்துக்கொள்ள யார் இருந்தார்கள்? இதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

ஊருக்குள் யார் வந்தார்கள், எந்த வீட்டில் இருமல், எந்தப் பையன் சென்னையிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பினான், எந்தக் கிழவி வீட்டில் அரிசி தீர்ந்தது என்பதெல்லாம் கலெக்டருக்குத் தெரியாது. வார்டு மெம்பருக்குத் தெரியும். பஞ்சாயத்துத் தலைவருக்கு அவர் விரும்பாவிட்டாலும் தெரிந்துவிடும், காலையில் பல் தேய்க்கும்போதே நாலு பேர் வாசலில் வந்து நிற்பார்கள். கொள்ளைநோய் ஓர் ஊருக்குள் வரும்போது முதலில் அதை மோப்பம் பிடிக்க வேண்டிய மூக்கு அது. உத்திரமேரூர் ஒன்றியத்தின் 73 ஊராட்சிகளில் ஒன்றில்கூட 2020 மார்ச்சில் அந்த மூக்கு இல்லை. அறுத்து வைத்திருந்தார்கள்.

உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. மூன்று ஆண்டு தேர்தலே இல்லை. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்தை இரண்டாக வெட்டிச் செங்கல்பட்டைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். பாகப்பிரிவினையில் அரசு மருத்துவக் கல்லூரி செங்கல்பட்டுக்குப் போனது. காஞ்சிபுரத்துக்குக் கலெக்டர் ஆபீஸ் மிஞ்சியது. டிசம்பரில் மற்ற 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. வெட்டுப்பட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு வார்டு எல்லை சரியாகவில்லை என்று தள்ளிப்போட்டார்கள். ஆக, மாநிலத்தின் முதல் நோயாளி எந்த மாவட்டத்தில் வந்து இறங்கினாரோ, அந்த மாவட்டத்தின் கிராமங்களில்தான் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு ஆள்கூட கிடையாது. எல்லா ஊருக்கும் தனி அலுவலர். அவர் எங்கள் ஊருக்கும் அலுவலர், பக்கத்து ஊருக்கும் அலுவலர், அதற்கு அடுத்த ஊருக்கும் அலுவலர். எந்த ஊர்க்காரரும் இல்லை.

இது வேறெந்த ஊரில் நடந்திருந்தாலும் வெறும் நிர்வாகக் கோளாறு. உத்திரமேரூரில் நடந்தால் அதற்குப் பெயர் கேலிக்கூத்து. பேருந்து நிலையத்துக்கு அருகில் வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும், குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்று அதன் சுவரில் வெட்டி வைத்தார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம். 919-இல் எழுதிய விதியில் ஓட்டை தெரிந்ததும் 921-இல் திருத்தினார்கள். பத்தாம் நூற்றாண்டுக்காரனுக்கு இரண்டு ஆண்டு போதுமானதாக இருந்திருக்கிறது. இருபத்தொன்றாம் நூற்றாண்டுக்காரனுக்கு வார்டு எல்லை பிரிக்க ஐந்து ஆண்டும் போதவில்லை.

மார்ச் 24 மாலை ஆறு மணிக்கு 144. அதற்கு முன்பே கோயம்பேடு பேருந்து நிலையத்தில் தலைகள் மட்டும் தெரிந்தன. கூட்டம் கூடாதே என்று உத்தரவு போட்டு, அந்த உத்தரவாலேயே மாநிலத்தின் மிகப் பெரிய கூட்டத்தைக் கூட்டினார்கள். எங்கள் பையன்கள் பால் வண்டியிலும் காய்கறி லோடிலும் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வருவதற்குள் ஊர் எல்லையில் முள் வெட்டிப் போட்டிருந்தோம். பனங்கட்டையைக் குறுக்கே உருட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வேப்பிலைக் கொத்து கட்டி, 'வெளியூர்க்காரர்கள் உள்ளே வரக்கூடாது' என்று அட்டையும் தொங்கியது. எழுதியவர்களில் பாதிப் பேர் அதற்கு முந்தைய வாரம் வரை ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்ஸில் போய் வந்தவர்கள். தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத ஊரில் யார் கையில் அரிவாள் இருந்ததோ அவர் சுகாதார ஆய்வாளர் ஆனார்.

முள்வேலிக்கு உள்ளே தர்ப்பூசணி அழுகியது. கோடையை நம்பிப் போட்ட பழம், வாங்கிப்போக லாரி வரவில்லை. மாட்டுக்குப் போட்டார்கள். மாடும் எத்தனை தின்னும்? ரேஷன் கார்டுக்கு ஆயிரம் ரூபாய் வந்தது. சுண்ணாம்பில் வட்டம் போட்டு நிற்க வைத்தார்கள். வட்டத்துக்குள் செருப்பு நின்றது, ஆட்கள் புங்க மரத்து நிழலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வாட்ஸப்பில் கோழி போய்த் தப்லீக் வந்திருந்தது. டெல்லி மாநாட்டுக்குப் போய் வந்தவர்கள் கணக்கை அரசே தினமும் தனியாக வாசித்ததால், கிருமிக்குச் சாதி தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு மதம் கிடைத்துவிட்டது. சாதியும் கிடைக்காமல் போகவில்லை. எட்டி நில், தொடாதே என்று நம் முன்னோர்கள் அன்றைக்கே சொன்னார்கள், அதில் எவ்வளவு அறிவியல் பாருங்கள் என்று ஒரு செய்தி சுற்றியது. அனுப்பியவர் ஊர்த்தெருவில் இருந்தார். ஆயிரம் வருஷமாக எட்டி நிறுத்தப்பட்டவர்களின் போனுக்கும் அது 'பலமுறை பகிரப்பட்டது' என்ற முத்திரையோடு வந்து சேர்ந்தது.

ஏப்ரல் 16 அன்று முதல்வர் நம்பிக்கை அளித்தார். இன்னும் இரண்டு மூன்று நாளில் தொற்று பூஜ்ஜியம் ஆகிவிடும் என்றார். இது வெளிநாடு போய் வந்த பணக்காரர்கள் கொண்டுவந்த நோய் என்றார். எதிர்க்கட்சிகள் அனைத்துக் கட்சிக் கூட்டம் கேட்டதற்கு, அவர்கள் என்ன மருத்துவர்களா என்று கேட்டார். கேட்டவரும் மருத்துவர் இல்லை என்பதை அருகில் இருந்த யாராவது நினைவூட்டியிருக்கலாம். எட்டே நாளில் சென்னை, கோவை, மதுரைக்கு நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே ஒரு பகல் கொடுத்தார்கள். அந்த ஏப்ரல் 25 அன்று கோயம்பேடு சந்தையில் ஜனம் மோதியது. அடுத்த இரண்டு வாரத்தில் கோயம்பேட்டில் மூட்டை தூக்கியவர்கள், லோடு ஏற்றியவர்கள் மூலம் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று மாவட்டம் மாவட்டமாக எண்ணிக்கை ஏறியது. எங்கள் மாவட்டமும் தப்பவில்லை. மூட்டைக்குக் கூலி வாங்கும் அந்தப் பணக்காரர்கள் எந்த வெளிநாட்டுக்குப் போய் வந்தார்கள் என்று கோட்டையிலிருந்து விளக்கம் எதுவும் வரவில்லை.

அன்றைய அரசுக்குக் கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. மே 7 அன்று டாஸ்மாக் திறந்தது. அன்றைக்குத்தான் நிர்வாகம் என்றால் என்னவென்று பார்த்தேன். முந்தைய நாளே சவுக்குக் கட்டை நட்டுத் தடுப்பு, பந்தல், ஒலிபெருக்கி, போலீஸ், ஆதார் அட்டை, வயது வாரியாக நேரம். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு முதலிடம். மூத்தோரைக் காக்க வேண்டும் என்ற அக்கறை கடைசியில் அங்கேதான் நடைமுறைக்கு வந்தது. முதல் நாள் விற்பனை சுமார் 172 கோடி ரூபாய். மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடி, மே 15 அன்று தடை வாங்கி, 16 அன்று திறந்தது. ஒரே வாரத்தில் டெல்லி வரை போய் வந்த கோப்பு அது. எங்கள் பஞ்சாயத்துத் தேர்தல் கோப்பு ஐந்து வருடம் மேசையை விட்டு இறங்கவில்லை.

மே 1 கிராம சபை கிடையாது. அக்டோபர் 2 கிராம சபையைக் கடைசி நேரத்தில் ரத்து செய்தார்கள். காரணம் கொரோனா. ஆலமரத்தடியில் நூறு பேர் இடைவெளி விட்டு உட்கார்ந்து கணக்குக் கேட்டால் பரவும் கிருமி, கடைக்கு முன்னால் ஐந்நூறு பேர் முட்டி மோதினால் பரவாது.

இந்த நிலையில்தான் எங்களுக்குப் பெருமை வந்து சேர்ந்தது. 2020 டிசம்பர் 10. டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் மோடி, தமிழ்நாட்டின் உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றிப் புகழ்ந்து பேசினார். ஜனநாயகம் இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே வேர்விட்டது என்பதற்கு நாங்கள்தான் சாட்சி. ஊரே நெஞ்சு நிமிர்த்தியது. அடுத்த சில நாளில், கொரோனா காரணமாக நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடர் கிடையாது என்று அறிவித்தார்கள். கட்டடத்துக்குக் கல் நடலாம், கட்டடத்துக்குள் கேள்வி கேட்கத்தான் கூடாது. புகழப்பட்ட ஊரில் அன்றைக்கும் தேர்ந்தெடுத்த ஓர் ஆள் இல்லை.

பிரதமரே பரிந்துரைத்த கல்வெட்டு என்பதால், 2020-க்கு என்று ஒரு நோய் வாரியம் அமைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. குடத்தில் ஓலை போட வேண்டும். போடுவதற்கு முன் தகுதி பார்க்க வேண்டும்.

வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். இந்த ஒரு விதியில் கோட்டை தேறிவிடும், எழுபதில் அவர்களுக்கு ஏற்கெனவே நம்பிக்கை உண்டு. அடுத்த விதிதான் தொல்லை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. அவனுடைய சித்தி மகன், அத்தை மகன், மாமன், மைத்துனன் பெயரையும் இடக் கூடாது.

முதல் ஓலையை எடுக்கிறேன். கோட்டை. ஜூலை 22 அன்று, அதுவரை சொல்லாமல் விட்டிருந்த 444 மரணங்களை ஒரே நாளில் பட்டியலில் சேர்த்தார்கள். மார்ச் முதல் ஜூன் வரை செத்தவர்கள். சென்னை மாநகராட்சியின் பதிவேட்டில் இருந்தவர்கள், அரசின் அறிக்கையில் இல்லை. நோய் எவ்வளவு கடுமை என்று அந்த மாதங்களில் முடிவெடுத்த ஒவ்வொரு குடும்பமும் அந்த 444 பேரைக் கழித்துவிட்டுத்தான் முடிவெடுத்தது. கல்யாணத்துக்குப் போகலாமா, வேலைக்குப் போகலாமா, அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாமா எல்லாமே. ஓலை தள்ளுபடி. உறவினர்களும் சேர்த்தி.

இரண்டாவது ஓலை, டெல்லி. மார்ச் 28 அன்று பி.எம். கேர்ஸ் என்று ஒரு நிதி தொடங்கினார்கள். ஆலை முதலாளி முதல் அரசு ஊழியர் வரை கொடுத்தார்கள். எவ்வளவு, எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், அது பொது அமைப்பே இல்லை என்று பதில். கேட்டு வாங்கும்போது தேசத்தின் நிதி, கணக்குக் கேட்டால் தனியார் உண்டியல். கல்வெட்டைப் புகழ்ந்தவர்கள் அந்த வரியை வாசிப்பதற்குள் மாலை போட நேரமாகிவிட்டது போலும். தள்ளுபடி.

மூன்றாவது ஓலையில் எங்கள் பெயர்கள். முள் வெட்டியவர்கள், வாட்ஸப் அனுப்பியவர்கள், தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தபோது வேடிக்கை பார்த்துப் படம் எடுத்தவர்கள், தன் பிள்ளை வந்ததை மறைத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்ததைத் தாசில்தாருக்குப் போன் போட்டவர்கள், நாலு வருஷமாகத் தேர்தல் இல்லையே என்று ஒருநாளும் ஒரு மறியல்கூட நடத்தாமல், கல்வெட்டு எங்கள் ஊரில்தான் இருக்கிறது என்று சொந்தக்காரர்களிடம் பீற்றிக்கொண்டவர்கள். நிலம் இருக்கிறது, வீடு இருக்கிறது, வயதும் சரி. இருந்தும் தள்ளுபடி. இதற்குக் கல்வெட்டில் விதி இல்லை, நான் சேர்த்தது. 921-இல் அவர்கள் திருத்தினார்கள் அல்லவா?

மிச்சம் சில ஓலைகள் கிடக்கின்றன. முகக்கவசம் இல்லாமல், துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு, முள்வேலியைத் தாண்டி வீடு வீடாகக் காய்ச்சல் கேட்டுப் போன கிராம சுகாதாரச் செவிலியர். தகரம் அடித்த வீட்டுக் குப்பையை அள்ளி, அந்த வீட்டுக்கே பாலும் அரிசியும் எடுத்துப்போய் வைத்த தூய்மைக் காவலர். பிணத்தை இறக்க ஆளில்லாத இடத்தில் தானே ஒரு கை பிடித்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர். முன்களத்தில் இறந்தால் குடும்பத்துக்கு ஐம்பது லட்சம் என்று அறிவித்து, பிறகு இருபத்தைந்து லட்சமாகச் சுருக்கியது இவர்களுக்குத்தான். நோயின் தீவிரம் ஊரில் யாருக்கு முதலில் தெரிந்தது என்று கேட்டால் இவர்களுக்குத் தெரிந்தது. இவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

குடத்தில் இடலாம் என்று கையை நீட்டினால் கல்வெட்டு குறுக்கே நிற்கிறது. வாரியத்துக்கு வர வேதம் தெரிந்திருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். பெண்ணின் பெயர் அந்தக் குடத்துக்குள் விழுந்ததே இல்லை, சேரியின் பெயரும் விழுந்ததில்லை. ஆயிரம் ஆண்டுப் பெருமையில் இந்தப் பகுதியை டெல்லியில் யாரும் வாசிக்கவில்லை, எங்கள் ஊர் வழிகாட்டிகளும் சுற்றுலாக்காரர்களுக்கு வாசிப்பதில்லை.

உச்ச நீதிமன்றம் அதட்டி, 2021 அக்டோபரில் எங்கள் ஒன்றியத்துக்கும் ஒரு வழியாகத் தேர்தல் வந்தது. அதற்கு ஆறு மாதம் முன்பே, இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த ஏப்ரலில், சட்டமன்றத் தேர்தலைக் குறித்த நாளில் கூட்டமும் கோஷமுமாக முடித்திருந்தார்கள். பஞ்சாயத்துத் தேர்தலுக்கு மட்டும் மேலும் அவகாசம் கேட்டபோது சொன்ன காரணங்களில் ஒன்று, கொரோனா.